மிளகாயோடு காயவைத்தது

லேப்டாப் மேஜைமேல் ஒழுங்காக உட்கார மறுத்த அன்றைக்கே ஃப்ளோரன்ஸ் அதை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழுந்தது. மூடினால் முழுதாக மூடவில்லை. விரல் வைத்துத் தேய்க்கிற பட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. முப்பத்துநாலு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே யாருக்கு நிஜமாகக் காய்ச்சல், யார் நடிக்கிறான் என்று சொன்னவள் அவள். இது நிஜக் காய்ச்சல் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"பேட்டரி உப்பிடுச்சு ஃப்ளோரா," என்றார் அவள் கணவர் ராஜநாயகம், மூக்கில் செருகியிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டே. அதைக் கொஞ்சம் வருத்தமாகச் சொல்லியிருக்கலாம். பொங்கலுக்கு இனாம் கிடைத்தவர் மாதிரி சொன்னார். அந்தக் குஷிதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருடம் ஒயரோடு மல்லுக்கட்டியவர் ராஜநாயகம். மந்தைவெளியில் அந்த ஃப்ளாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருடத்தில், மிக்ஸியிலிருந்து காலிங்பெல் வரை எதற்கும் வெளியாள் உள்ளே வந்ததில்லை. எதிர்வீட்டு சந்திரமௌலியின் கிரைண்டரைக்கூட இவர்தான் பிரித்து மாட்டினார். இப்போது எழுபத்திரண்டு வயதில் நுரையீரல் கைவிட்டுவிட்டது. படுக்கையறையில் சின்ன அலமாரி உயரத்துக்கு ஒரு ஆக்சிஜன் மெஷின் பகலெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வருகிற நீளக் குழாய் அவரை ஹால் வரைக்கும் விடும், வாசல் வரைக்கும் விடாது. மெஷினைக் கொண்டுவந்து வைத்த ஆள், வீட்டுக்குள் நெருப்பு என்று எதுவும் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அன்றோடு இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி நின்று சிவப்பு பல்பு வந்தது. கொசுவத்தியும் போயிற்று. சமையலறைக் கதவு சாத்தியே இருக்கும்.

இன்ஹேலர் மருந்தின் உபயத்தில் அவருக்குக் கை நடுக்கம் வேறு. டம்ளரைப் பிடித்தால் காபி விளிம்பில் தளும்பும். பிப்ரவரியில் ட்யூப்லைட் மாட்டுகிறேன் என்று ஸ்டூலில் ஏறி, இறங்கும்போது விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அவர்கள் ஒரே மகன் டெரிக் வேளச்சேரியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தீர்ப்பு சொன்னான்.

"டாடி, இதுதான் கடைசி. இன்னும் ஒரு தடவை ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு பேரும் என்கூட வந்துடணும். நான் கேக்க மாட்டேன், தூக்கிட்டுப் போயிடுவேன்."

ராஜநாயகம் அப்போது தன் இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"நுரையீரல் போச்சு, ஒத்துக்கறேன். கால் போயிட்டிருக்கு, அதுவும் சரி. இந்தக் கை இன்னும் என் பேச்சைக் கேக்குதுப்பா. அது கேக்கற வரைக்கும் நான் யார் வீட்டுக்கும் வர்றதா இல்ல."

அப்பாவுக்கு மிஞ்சியது அந்தக் கைகள் மேல் உள்ள நம்பிக்கை ஒன்றுதான் என்று டெரிக்குக்குப் புரிந்திருக்குமோ என்னவோ, ஃப்ளோரன்ஸுக்குப் புரிந்தது. அந்த நம்பிக்கையையும் பிடுங்கிவிட்டால் அவர் கட்டிலில் சாய்ந்துவிடுவார், பிறகு எழுந்திருக்க மாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் லேப்டாப் உப்பியபோது அவள் பெரிதாகத் தடுக்கவில்லை.

தடுக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. டெரிக்குக்கு போன் போட்டாள். "அதைத் தொடவே வேணாம் மம்மி. சார்ஜ் போடாதீங்க. சனிக்கிழமை வந்து கடைக்கு எடுத்துட்டுப் போறேன்," என்றான். சனிக்கிழமை வந்தது, அவன் வரவில்லை; ஆபீசில் ஏதோ வேலை. அடுத்த சனிக்கிழமை மாமியார் வீட்டு விசேஷம். அதற்குள் பங்குக் கோயிலின் மாத மடலை அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கோயில் படி ஏற முடியாத ராஜநாயகத்துக்குக் கோயில் காரியத்தில் மிச்சம் இருந்த ஒரே வேலை, லேப்டாப்பில் அவர் தயாரிக்கிற அந்த எட்டுப் பக்க மடல்தான். அவர் மகனை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, மாடல் நம்பரைப் பார்த்து ஆன்லைனில் புது பேட்டரி வாங்கினார். வீடியோக்களைப் பார்த்து, பழைய டைரியில் ஒவ்வொரு படியாகப் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

கத்திரி தொடங்கி நாலாம் நாள், காலை பத்து மணிக்கு வேலை ஆரம்பமானது.

சாப்பாட்டு மேஜைமேல் வெள்ளைத் துண்டு விரித்தார். லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தார். திருப்புளியை எடுத்து முதல் திருகாணியில் வைத்தபோது முனை டகடகவென்று அடித்துக்கொண்டது. ஃப்ளோரன்ஸ் பக்கத்திலேயே நின்றாள். அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டார். நடுக்கம் முழங்கையோடு நின்றுபோயிற்று. பத்துத் திருகாணிகளும் வந்தன. எது எந்தக் குழியிலிருந்து வந்தது என்பது குழம்பாமல் இருக்க, முட்டை வைக்கிற அட்டைத் தட்டில் வரிசையாகப் போட்டார்.

"இதுல கத்தி, இரும்பு எதையும் விடக் கூடாது," என்று சொல்லி, காலாவதியான ஏ.டி.எம். கார்டால் அடிமூடியை நெம்பினார். மூடி திறந்தது.

உள்ளே கறுப்பாக நீளமாகக் கிடந்தது பேட்டரி. தட்டையாக இருக்க வேண்டியது நடுவில் பூரி மாதிரி எழும்பியிருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கைச் சீட்டு இழுபட்டுச் சுருங்கி, எழுத்துகள் நாலா பக்கமும் சாய்ந்திருந்தன. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்ததுபோல ஒரு தித்திப்பு வாசனை மெல்ல எழுந்தது. இந்த இழவு ஒரு மாதமாக இந்த மனுஷன் மடிமேல் இருந்ததே என்று நினைத்தபடியே அவள் மேஜையை நெருங்கினாள். அந்த மடிமேல்தான் ஆக்சிஜன் குழாயும் கிடந்தது.

"என்னங்க, வேணாம். மூடிடுங்க. டெரிக் வரட்டும்."

"மூடினா மட்டும் நல்லாயிடுமா? அப்படித் தள்ளி நில்லு. பெட்ரூம் போய் மெஷினை நிறுத்து."

நிறுத்தினாள். அவர் குழாயைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஆக்சிஜன் இல்லாமல் இருபது நிமிடம் தாங்குவார். வீட்டில் திடீரென்று விழுந்த அமைதியில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. பேட்டரியையும் போர்டையும் இணைக்கிற சின்ன பிளக்கை நகத்தாலேயே கழற்றினார். நாலு திருகாணி. பிறகு கார்டை அடியில் விட்டு, ஓரத்திலிருந்து, குழந்தையின் காயத்தில் ஒட்டிய பஞ்சை எடுக்கிற நிதானத்தில் தூக்கினார். அழுத்தவில்லை, வளைக்கவில்லை, எதுவும் குத்தவில்லை. அவள் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுங்கும் கை என்று எவன் சொன்னது என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பேட்டரி முழுசாக வெளியே வந்தது. அதைத் துண்டின்மேல் வைத்துவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்து இளைத்தார். உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தது.

"இதைக் கொண்டுபோய் பால்கனில, அந்தக் குடில் மணல் இருக்கே, அந்த வாளில புதைச்சு வெச்சிடு. வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. அப்புறமா மெஷினைப் போடு."

கிறிஸ்துமஸ் குடிலுக்கு என்று வாங்கிய மணல் ஒரு வாளி நிறைய பால்கனி மூலையில் வருடம் முழுக்கக் கிடக்கும். ஃப்ளோரன்ஸ் பேட்டரியைத் துண்டோடு ஏந்திக்கொண்டு போனாள். பால்கனிக்கு அப்பால் கண் கூசுகிற வெயில். தரையில் பழைய வேட்டியை விரித்து, வருஷத்துக்கு வேண்டிய குழம்புத்தூளுக்காக மூணு கிலோ மிளகாய் காயப்போட்டிருந்தாள். மணல் வாளி மூலையில், தண்ணீர் கேனுக்குப் பின்னால் இருந்தது. அதை இழுக்கக் குனிய வேண்டும். அவளுடைய முழங்கால் குனிகிற முழங்கால் இல்லை.

ஆனால் முழங்கால் மேல் மட்டும் பழியைப் போடுவது நியாயம் இல்லை. அவள் ஒரு கணம் நின்று யோசித்தாள். யோசித்துத்தான் செய்தாள். டார்ச்சு செல் மங்கிப்போனால் வெயிலில் வைப்பது அவளுக்குத் தெரியும். அரைநாள் காய்ந்தால் இன்னும் இரண்டு ராத்திரிக்கு வெளிச்சம் வரும். சிரிக்க வேண்டாம், உங்கள் வீட்டிலும் மொட்டைமாடிச் சுவர்மேல் செல்லை வரிசையாக அடுக்கியவர்கள் இருந்திருப்பார்கள். ஈரத்தில் உப்பிய கதவு, மெத்தை, புத்தகம் எல்லாம் வெயிலில்தான் வற்றுகிறது. இதுவும் வற்றட்டும், பிறகு மணலில் போட்டுக்கொள்ளலாம். ஆத்திர அவசரத்துக்கு உதவினாலும் உதவும். மிளகாயைக் காலால் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, நடுவில் பேட்டரியை வைத்தாள். உள்ளே ஓடிப்போய் மெஷினைப் போட்டாள்.

புது பேட்டரி குழியில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தியதும் திரை வெளிச்சமாயிற்று. ராஜநாயகம் கையைத் தட்டவில்லை, சிரிக்கவில்லை. டெரிக்குக்கு போன் போட்டார்.

"மாத்திட்டேன்," என்றார்.

"என்ன மாத்திட்டீங்க? டாடி! நான் என்ன சொன்னேன்?"

"நீ சனிக்கிழமை வர்றேன்னு சொன்னே." போனை வைத்துவிட்டார். பிறகுதான் சிரித்தார். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அது. அன்று மதியம் மீன்குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் மடலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஃப்ளோரன்ஸ் பாத்திரம் கழுவினாள். இரண்டு மணி. இரண்டரை. பால்கனித் தரை செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத சூட்டில் இருந்திருக்கும். அவள் அதை நினைக்கவே இல்லை. ஞாபகத்தில் இருந்து பேட்டரி அடியோடு போய்விட்டிருந்தது. மூன்று மணிக்கு டீ போட அடுப்பை மூட்டும்போது, குக்கர் வெயிட் எழும்புகிற மாதிரி ஒரு 'புஸ்' கேட்டது. அடுப்பில் குக்கர் இல்லை.

சமையலறைக் கதவைத் திறந்தாள். ஹாலில் ஒன்றும் இல்லை. ராஜநாயகம் தலையைத் தூக்கிப் பால்கனிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் புகை குபுகுபுவென்று ஏறியது. அதற்குள் ஒரு வெளிச்சம் சீறி நின்றது. அடுத்த நொடி அந்த நெடி வந்தது.

ஒரு மிளகாய் அடுப்பில் விழுந்தாலே தெரு இருமும். இங்கே மூணு கிலோ. பாதி திறந்திருந்த கதவு வழியாக அது உள்ளே வந்து கண்ணையும் தொண்டையையும் ஒன்றாகப் பிடித்தது. ஃப்ளோரன்ஸுக்கு மூச்சு முட்டியது. நல்ல நுரையீரல் உள்ள அவளுக்கே இப்படி. ராஜநாயகம் இருமவில்லை. இருமுவதற்கு அவரிடம் காற்று இல்லை. வாயைத் திறந்து மூடினார். ஆனால் அந்த நிலையிலும் அவர் முதலில் செய்தது மூக்கிலிருந்து குழாயைப் பிடுங்கியதுதான். மேஜையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, படுக்கையறை வரை நடந்து, மெஷினின் சுவிட்சை அணைத்தார். அணைத்த பிறகுதான் விழுந்தார்.

அவள் பால்கனிக்கு ஓடினாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, குனிய முடியாத முழங்கால் எப்படிக் குனிந்தது என்று தெரியாமல், வாளியை இழுத்து மணல் முழுவதையும் நெருப்பின்மேல் கொட்டினாள். தீ அடங்கியது. மிளகாய் மட்டும் மணலுக்கடியில் கனன்று நெடியைக் கக்கிக்கொண்டே இருந்தது. கதவை இழுத்துச் சாத்தினாள்.

"டீச்சர்! என்னது இது, எங்காத்துல எல்லாரும் இருமிண்டிருக்கா!" என்று கத்திக்கொண்டே சந்திரமௌலி கதவைத் தட்டினார். உள்ளே வந்தவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தவரைப் பார்த்ததும் படிக்கட்டுப் பக்கம் திரும்பி வாட்ச்மேனைக் கூப்பிட்டார். இசக்கிமுத்து இரண்டு மாடியையும் நாலு எட்டில் ஏறி வந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் கட்டி, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி இறக்கினார்கள். "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டு அவள் பின்னால் இறங்கினாள். ராஜநாயகத்தின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவர் கண் மட்டும் அவளைத் தேடியது.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அதில் நாலு நாள் தொண்டைக்குள் குழாய். ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்தார். டாக்டர் ஃப்ளோரன்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் இருபத்துநாலு மணி நேரமும் ஆக்சிஜன் வேண்டும், இதுவரை இருந்த கொஞ்ச நடையும் அநேகமாக இருக்காது என்றார். மெஷினை மட்டும் அணைக்காமல் விட்டிருந்தால் வீடே பற்றியிருக்கும் என்று பிறகு வந்து பார்த்த தீயணைப்புக்காரர் சொன்னதாக டெரிக் சொன்னான். அணைத்தது யார் என்று அவன் கேட்கவில்லை. அம்மா என்று எடுத்துக்கொண்டான்.

அவள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஒவ்வொரு நாளும் ஐ.சி.யூ. வாசலில் ஜெபமாலையை உருட்டியபடி, இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதைவிட டெரிக்கிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தப்பைத் தப்பு என்று திருத்திய டீச்சர், சொந்தப் பிள்ளை முன்னால், மிளகாயோடு பேட்டரியைக் காயவைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? கேட்கிறவன் சிரிப்பான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்பாவைக் கொல்லப் பார்த்தாயே என்பான். அவளுக்கு அந்த இரண்டாவது முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, வீட்டுக்கு அனுப்பும் சீட்டு வந்தது. ராஜநாயகம் கட்டில் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி அங்கியைக் கழற்றியாகிவிட்டது. ஃப்ளோரன்ஸ் அவர் தோளில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். டெரிக் போனை ஜேபியில் போட்டுவிட்டு எதிரே வந்து நின்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"டாடி, நான் பால்கனியைப் போய்ப் பார்த்தேன். வாளி கவிழ்ந்து கிடந்துச்சு. மணலைக் கிளறினேன். நீங்க சொன்ன மாதிரியே மணலுக்கு அடியிலதான் இருந்துச்சு, கரியாகி. மணல்ல புதைச்சு வெச்சும் வெடிச்சிருக்குன்னா என்ன அர்த்தம்? கழட்டறப்பவே எங்கயோ குத்தியிருக்கீங்க. உள்ளுக்குள்ளேயே கொதிச்சு, மெதுவா வெடிச்சிருக்கு."

ராஜநாயகம் தரையைப் பார்த்தார். அவர் மனதில் அந்தப் பத்துத் திருகாணியையும் ஒவ்வொன்றாக மறுபடி கழற்றுகிறார் என்று ஃப்ளோரன்ஸுக்குத் தெரிந்தது. கார்டை அடியில் விட்டது, தூக்கியது, துண்டின்மேல் வைத்தது. எங்கே தப்பு என்று தேடினார். இல்லாத தப்பை அவர் எங்கே போய்க் கண்டுபிடிப்பார்?

"எனக்கு அப்படித் தோணலப்பா," என்றார். குரல் குழாய் கீறிய கரகரப்பில் வந்தது. பிறகு அவர் மனைவி பக்கம் திரும்பினார். "ஃப்ளோரா. நீ கூடவேதானே நின்னே. நான் எங்கயாவது குத்தினேனா? கை எங்கயாவது வழுக்கிச்சா? நீ பார்த்திருப்பியே."

டெரிக் அவளைப் பார்த்தான். கணவரும் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் கிடையாது. அவள் சொல்வது எதுவோ அதுதான் உண்மை என்று ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்த பார்வை அது. ஒரு வார்த்தை போதும். "இல்லீங்க, நீங்க குத்தல" என்றால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், அப்படியானால் எப்படி வெடித்தது என்று டெரிக் கேட்பான்.

"நான் சரியாப் பாக்கலீங்க," என்றாள்.

சொன்ன உடனே அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்காகவே அவள் தன்னைப் பிற்பாடு மன்னிக்கப்போவதில்லை. ராஜநாயகம் தலையை ஆட்டினார், ஏதோ ஒரு நெடுநாள் கணக்குக்கு விடை கிடைத்துவிட்டவர் மாதிரி.

"குத்தித்தான் இருப்பேன்," என்றார். "நடுங்கிச்சு. நடுங்கலேன்னு நானா நினைச்சுக்கிட்டேன்." மகனை நிமிர்ந்து பார்த்தார். "எந்த ரூம் எனக்கு?"

"உள்ரூம் டாடி. ஏ.சி. போட்டிருக்கேன்," என்றான் டெரிக். அவன் கண் கலங்கிவிட்டது. பில்லைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே போனான்.

ஃப்ளோரன்ஸ் சட்டையின் இரண்டு பக்கத்தையும் இழுத்து அவர் மார்பின்மேல் சேர்த்தாள். வழக்கம்போல அவர் போட்டுக்கொள்ளட்டும் என்று கையை எடுத்துக்கொண்டாள். ஐம்பது வருடத்தில் அவர் சட்டைக்கு அவள் பொத்தான் தைத்திருக்கிறாள், போட்டுவிட்டதில்லை. ராஜநாயகம் தன் கைகளை மடியில் கவிழ்த்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீயே போட்டுடு ஃப்ளோரா," என்றார். "இந்தக் கையை இனிமே நம்ப முடியாது."

அவள் குனிந்து, மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.